தொட்டியும் ஆடும் பேசின சம்பந்தம்

அப்பாடா, பலகை காஞ்சிருக்கு. உட்கார்ந்த இடம் ஈரமில்லாம இருக்கிறதே பெரிய சொகுசுன்னு இந்த வயசுல இப்பத்தான் தெரியுது. இனி பயமில்ல, படகுல ஏறியாச்சு, தண்ணி கீழ இருக்கு, நான் மேல இருக்கேன். வாழைத்தோப்பெல்லாம் முங்கிப் போயி நுனி இலை மட்டும் வரிசையாத் தெரியுது, பந்திக்கு இலை போட்டுட்டு ஆள் வராமப் போன மாதிரி. பின்னால எஞ்சினைப் பிடிச்சிருக்கிறவர் பேரு கஸ்பாராம், கடக்கரைக்காரர், லாரியில படகை ஏத்திக்கிட்டு வந்தாகளாம் எங்களை மாதிரி மாடியில நிக்கிறவங்களை இறக்க. முன்னால ஒருத்தர் கம்பு ஊனுதாரு. வாழை நாரு சுத்திக்கிடும்னு கஸ்பார் அப்பப்ப எஞ்சினை நிறுத்திப்புடுதாரு, அப்ப ஒரு சத்தமும் இல்ல, கம்புல இருந்து தண்ணி சொட்டுறது மட்டும் கேக்கு. மழை நின்னுட்டு. வெயில்கூட லேசா முதுகுல படுது. எதுத்த பலகையில மூத்தார் உட்கார்ந்திருக்காக. உட்கார்ந்திருக்காகன்னா என்ன, சாய்ஞ்சிருக்காக. என் வீட்டுக்காரரோட கூடப்பிறந்த அண்ணன். கழுத்து வரைக்கும் தார்ப்பாயப் போர்த்தி விட்டுருக்கு. அந்தத் தார்ப்பாய் ஏறி இறங்குது. இறங்குனது திரும்ப ஏறுதான்னு பாத்துக்கிட்டே வாரேன். ஏறுது. சரி. நடுவுல அவுக கருப்பு ஆடு, ஒண்ணுமே நடக்காத மாதிரி அசை போட்டுக்கிட்டுக் கிடக்கு. ஆட்டையெல்லாம் ஏத்த முடியாதும்மான்னு கஸ்பார் சொல்லத்தான் செஞ்சாரு. சம்பந்தியம்மாவை விட்டுட்டு வர முடியாதுன்னு நான் சொல்லிட்டேன். அவரு ஒரு மாதிரியாப் பாத்தாரு. மாடியிலேயே கிடந்ததுல கிழவிக்குப் புத்தி பிசகிட்டுன்னு நெனச்சிருப்பாரு. நெனச்சுட்டுப் போகட்டும், ஆடு ஏறிட்டுல்லா. அந்த ஆளு நல்லவரு. ஏத்தும்போதே சொன்னாரு, “அம்மா, பெரியவரைத் தூங்க மட்டும் விட்டுறாதீங்க, ஒடம்பு சில்லிட்டுக் கிடக்கு. ரோட்டுல ஆம்புலன்சு நிக்கி, அது வரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்க.” நானும் சரின்னு தலையாட்டிட்டேன். ஆட்டுனதுக்கு அப்புறம்தான் உறைச்சுது. நான் எங்க இருந்து பேச்சுக் குடுக்க?

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவுககிட்ட நேருக்கு நேர் நின்னு ஒரு வார்த்தை பேசினதில்ல. சண்டையா, சச்சரவா, ஒண்ணும் கிடையாது. முறை அப்படி. கொழுந்தன்னா கேலி பேசலாம், தலையில தண்ணிய ஊத்தலாம், யாரும் கேக்க மாட்டாக. மூத்தார்னா மாமனாருக்குச் சமம். அவுக வர்ற நடையில எதுக்க வரக் கூடாது, அவுக இருந்த கட்டில்ல இருக்கக் கூடாது, மேல விரல் படக் கூடாது, பேரை வாயில எடுக்கவே கூடாது. ஏதாவது சொல்லணும்னா பக்கத்துல நிக்கிற பிள்ளைகிட்டச் சொல்லணும், பிள்ளை இல்லன்னா சுவத்துகிட்டச் சொல்லணும். சோறு வச்சாச்சுன்னு சொல்லுன்னு நான் சுவத்தைப் பாத்துச் சொல்லுவேன், அவுக வந்து உக்காருவாக. கொழம்புக்கு உப்பு பத்தலன்னு சொல்லுன்னு அவுக வாசலைப் பாத்துச் சொல்லுவாக, நான் உப்பு கொண்டுபோய் வைப்பேன். அவுக பொண்டாட்டி போய்ச் சேந்தாச்சு, என் வீட்டுக்காரரும் போய்ச் சேந்தாச்சு, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர்ல இருக்கு, ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கம் அவுக, இந்தப் பக்கம் நான்னு காலம் ஓடிட்டு. இப்பப் பாத்து பேச்சுக் குடுன்னா? தார்ப்பாய் ஏறுது. இறங்குது. ஏறுது. முழங்கால் இடிக்காம இருக்க நான் காலை மடக்கி வச்சிருக்கேன், மரத்துப் போச்சு. இந்தக் காலை மடக்குத புத்திதானே எங்களை ராவெல்லாம் மாடியில போட்டுது. நெனச்சா எனக்கே சிரிப்பா வருது, ஆனா இப்பச் சிரிக்கக் கூடாது, அவுக கண்ணு பாதி மூடியிருக்கு.

நேத்து உச்சிப்பொழுதுக்கே ஒரு தெப்பம் வந்துச்சுல்லா. நம்ம தெக்குத்தெருக்காரங்கதான், பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டி மேல கதவை வச்சு ஓட்டிக்கிட்டு வந்தாங்க. அதுல ஏற்கனவே நெறமாசக்காரி ஒருத்தி படுத்திருந்தா. ரெண்டு பேரு நெருக்கி உக்காந்தா போயிரலாம், சீக்கிரம் ஏறுங்கன்னாங்க. நெருக்கின்னா எப்படி? தோளோட தோள் ஒட்டி. அவுக ஒரு எட்டு பின்னால போயி, ஆட்டைப் பாத்து, அவளை மொதல்ல ஏறச் சொல்லுன்னாக. மூத்தார் தண்ணிக்கு நடுவுல நிக்கும்போது நான் போயி ஏறி உக்காந்தா ஊரு என்ன சொல்லும்? நான் மாடியில இருந்த தண்ணித் தொட்டியப் பாத்து, பெரியவுக ஏறாம யாரும் ஏற மாட்டாங்கன்னு சொல்லுன்னேன். அவுக மறுபடி ஆட்டுகிட்டச் சொன்னாக. நான் மறுபடி தொட்டிகிட்டச் சொன்னேன். தெப்பக்காரன் ஆட்டைப் பாக்கான், தொட்டியப் பாக்கான், எங்களைப் பாக்கான். கீழ கிடந்தவ வலியில பல்லைக் கடிக்கா. சரி, ஒரு நடை போயிட்டு வந்து ஒவ்வொருத்தராக் கூட்டிட்டுப் போறோம்னு தள்ளிக்கிட்டுப் போனவங்க திரும்பி வரவே இல்ல. அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது, அதுக்குள்ள தண்ணி இழுப்பு அப்படி ஆயிட்டு. உசிரு போகுத நேரத்துல மரியாதை பாத்துக்கிட்டு நின்ன ரெண்டு கிறுக்கு நாங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன பிறந்துச்சோ. கஸ்பாருகிட்டக் கேக்கணும். இருக்கட்டும், அப்புறம். தார்ப்பாய் ஏறுதா? ஏறுது.

தெப்பம் போனதுக்கு அப்புறம்தான் எனக்குப் பயம் வந்துச்சு. என் பக்கம் ஓட்டு வீடு, அவுக பக்கம்தான் மச்சு; அந்த மாடியில ஒரு மூலையில கருப்புத் தொட்டி, அது ஓரமா நான். மறு மூலையில அவுகளும் ஆடும். படியில தண்ணி ஏறுத சத்தம் நல்லாக் கேக்கு, மாடு தொட்டியில வாய வச்சு உறிஞ்சுத மாதிரி ஒரு சத்தம், நிக்காம. நான் வாய்விட்டு அழ ஆரம்பிச்சுட்டேன். குலசாமியக் கூப்பிடலாம்னா அதுலயும் ஒரு தொந்தரவு, சாமி பேரும் அவுக பேரும் ஒண்ணு, பக்கத்துல நிக்காகளே, வாயத் திறக்க முடியுமா, ஆடித் திருவிழாவுல கொடை வாங்குத சாமிங்கிறதால கொடைக்காரசாமி கொடைக்காரசாமின்னுதான் அழுதேன். அப்ப அவுக ஆட்டைப் பாத்துச் சொன்னாக: “ஏட்டி, எதுக்கு முழிக்கே. எதுத்தாப்ல நிக்கிறா பாரு, நல்ல கருப்பு, நல்ல பருமன். நம்ம பயலுக்குக் கேப்பமா?” நானும் கருப்பு, நானும் பருமன்தானே. அப்புறம் பாத்தா தொட்டியச் சொல்லுதாக. பொண்ணு பாக்க வந்துருக்காகளாம். தண்ணி படியேறி வருது, இவுக ஆட்டுக்குட்டிக்குச் சம்பந்தம் பேசுதாக. எனக்கு அழுகை அப்படியே நின்னுட்டு. அந்த மனுசன் வாயில இருந்து இப்படி ஒரு பேச்சு வரும்னு யாரு கண்டா? உப்பு பத்தலங்கிறதைத் தவிர வேற எதையும் நான் கேட்டதில்லையே. என்ன நெனப்புல சொன்னனோ, நானும் தொட்டியைத் தட்டி, “மாப்பிள்ளைக்குத் தாடி இருந்தா சரி, சம்பந்தியம்மாவுக்கும் தாடி இருக்கேன்னு கேளு”ன்னேன். சொன்ன உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். மூத்தார்கிட்டக் கேலியா? ஆனா நான் அவுககிட்டச் சொல்லலியே, தொட்டிகிட்டச் சொன்னேன். அவுக ஆட்டோட தாடியைத் தடவி விட்டுக்கிட்டே, இதுக்கெல்லாம் கோவப்படாதட்டி, பொண்ணு வீட்டுக்காரி அப்படித்தான் பேசுவான்னாக. அம்புட்டுத்தான், பொழுது சாய வரைக்கும் சம்பந்தம் பேசிக்கிட்டே கிடந்தோம். தாகம் எடுத்தா, வந்தவங்களுக்குக் காப்பித் தண்ணி குடுக்கலியான்னு ஆட்டுகிட்டக் கேப்பாக. நான் தொட்டியில செரட்டையால மோந்து நடுவுல வச்சுட்டு என் மூலைக்குத் திரும்பிருவேன், அவுக வந்து எடுத்துக் குடிப்பாக. எனக்குக் குளிர்ல பல்லு அடிச்சது அவுகளுக்குக் கேட்டிருக்கும் போல, பொண்ணுக்குச் சீலை எடுத்துட்டு வந்துருக்கோம்னு சொல்லுன்னு இருந்த ஒரு காஞ்ச சாக்கையும் நடுவுல போட்டுட்டுப் போயிட்டாக. நான் வேண்டாம்னு சொல்லல. மாப்பிள்ளை வீட்டுச் சீலைய வேண்டாம்னு எவளாவது சொல்லுவாளா? வெளையாட்டு வெளையாட்டாத்தானே வாங்கிக்கிட்டேன். அந்தச் சாக்கு மட்டும் அவுக மேல கிடந்திருந்தா இப்ப இப்படிச் சில்லிட்டிருக்காது. அதை நெனைக்காத. அதை நெனைக்காத. வாழைத்தாரு ஒண்ணு மிதந்து வந்துச்சே, அதை நெனை. சீர்வரிசை வருதுடோய்னு கொம்பால இழுத்துப் போட்டாக, பச்சைக் காயி, துவர்ப்பு நாக்கெல்லாம் ஒட்டிக்கிட்டு. ஆட்டுக்கு இலை, எங்களுக்குக் காயி. பந்தியில குறைன்னா மாப்பிள்ளை வீட்டுல சொல்லக் கூடாதுன்னு நானும் மென்னு முழுங்குனேன்.

பொழுது சாயப் போகும்போது என் வீட்டுச் சுவர் இடிஞ்சுது. தொம்முனு ஒரு சத்தம். அம்புட்டுத்தான், ஓட்டோட உக்காந்துட்டு. நான் கல்யாணமாகி வந்து வெளக்கேத்துன வீடு. தண்ணியில ஓட்டுச் சில்லு முங்குத சத்தம் மட்டும். அப்ப அவுக ஆட்டுகிட்டச் சொன்னாக, மெதுவா: “வெடி போட்டாச்சுட்டி. மாப்பிள்ளை அழைப்பு ஆரம்பிச்சுட்டு.” எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பாவி மனுசா, என் வீடுன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. ஆனா வாயத் திறந்தா சிரிப்பாத்தான் வருது. அழுகையும் சிரிப்புமா மூக்கு ஒழுகுது, தொட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கேன். அவுக எம்பக்கம் பாக்காம ஆட்டையே பாத்துக்கிட்டு இருந்தாக, தோளு மட்டும் குலுங்குது. நேத்து அந்த நேரம் சிரிக்கலன்னா நான் படியில இறங்கி வீட்டைப் பாக்கப் போயிருப்பேன். சத்தியமாப் போயிருப்பேன், புத்தி அப்படித்தான் இழுத்துச்சு. அப்புறமும் விடல. மாப்பிள்ளை எப்ப வருவான்னு நான் தொட்டிய விட்டுக் கேக்கச் சொன்னதுக்கு, “அவன் நம்ம ஊரு கரண்டு மாதிரி, வந்தாத்தான் வந்தான், வந்தாலும் சொல்லாமப் போயிருவான்”னாக. அது என் வீட்டுக்காரரு பேச்சாச்சே. என் தம்பி வந்துட்டுப் போறப்பெல்லாம் அவரு இதைத்தான் சொல்லுவாரு, நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இது எங்க வீட்டுப் பேச்சு, மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போச்சுன்னு கேளுன்னேன் தொட்டிகிட்ட. இருட்டிக்கிட்டு வந்துச்சு, மூஞ்சி தெரியல. “அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே யாருன்னு கேளு”ன்னாக. அப்புறம் ஆட்டுக் காதுக்குள்ள சொல்லுத மாதிரி, “வயல்ல வச்சு நான் சொல்லுவேன். அவன் வீட்டுக்குப் போயிச் சொல்லுவான். சிரிப்புச் சத்தம் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். கேட்டாத்தான் அது நல்லாருக்குன்னு அர்த்தம்.” நான் தொட்டிமேல சாய்ஞ்சுக்கிட்டேன். இத்தனை வருசம் எந்த மனுசனோட பேச்சுக்கு நான் சிரிச்சுருக்கேன்? என் வீட்டுக்காரரோட பேச்சுக்குத்தான், அவரு சொன்ன விதத்துக்குத்தான், அதுல ஒண்ணும் மாத்தமில்ல. ஆனா பேச்சு இங்கிருந்து வந்துருக்கு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் காதைக் குடுத்துக்கிட்டு இருந்திருக்காக, உப்பு பத்தலங்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு.

ஏறுதா? கரண்டுக் கம்பி வருது குனிங்கன்னு கஸ்பார் சொன்னாரு, குனிஞ்சு நிமிர்ந்தேன், அதுக்குள்ள பாக்காம விட்டுட்டேன். ஏறுதா? ஏறுது, ஆனா லேசா. ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல ரொம்ப எடம் கிடக்கு. பேசணும். யாருகிட்டப் பேசணும்? தொட்டி அங்கேயே நிக்கி, என் வீட்டு ஆளு இங்க ஒருத்தரும் இல்ல. ஆட்டுகிட்டச் சொல்லிப் பாத்தேன், சம்பந்தியம்மா, உங்க வீட்டுப் பெரியவரு தாம்பூலம் மாத்துத நேரத்துல தூங்கலாமான்னு. ஆடு காதை ஆட்டுச்சு. அவுக உதடு ஒரு ஓரத்துல அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, அசையலியோ, படகு ஆடுனதோ. பந்தி முடியலன்னேன். மாப்பிள்ளைக்கு இன்னும் மாலை போடலன்னேன். நேத்து இம்புட்டுப் பேச்சு எங்க இருந்து வந்துச்சு, இன்னைக்கு ஒண்ணும் வர மாட்டேங்கே. பாதிப் பேச்சு அவுகளோடதுல்லா, அதான். ஒரு கையால எப்படித் தட்ட. “என்னம்மா, சத்தத்தைக் காணோம்”ங்காரு கஸ்பார். “பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. சொந்தப் பேரைக் கேட்டா மனுசன் முழிச்சிருவான். ஐயா பேரு என்ன, நான் கூப்பிடுதேன்.” எங்க குலசாமி பேருன்னேன். உங்க குலசாமிய எனக்கு எப்படிம்மா தெரியும், எனக்கு அந்தோணியாரையும் சவேரியாரையும்தான் தெரியும்னாரு. கொடை குடுப்போமே, ஆடி மாசம், பெரிய மீசை வச்சிருக்குமேன்னேன். சுடலைமாடனா? இல்ல. கருப்பசாமியா? இல்ல. ஐயனாரா? இல்ல, இல்ல. முன்னால கம்பு ஊனுதவரும் அவருக்குத் தெரிஞ்ச சாமிய எல்லாம் சொல்லுதாரு. எல்லாச் சாமி பேருக்கும் அந்தக் கண்ணு மூடியே கிடக்கு. வாய் வரைக்கும் வருது, அதோட திரும்பிப் போயிருது. மனசுக்குள்ளகூட அந்தப் பேரை நான் சொன்னதில்ல. நெனப்பு அது பக்கம் போனா விலகிப் போயிரும், நடையில அவுக வந்தா நான் விலகுத மாதிரி. தார்ப்பாய். தார்ப்பாய் இறங்குச்சு. ஏறட்டும். ஏறு. ஏறலியே. ஏறல. ஆடுகூட அசை போடுறதை நிறுத்திட்டு.

“ஏலே மந்திரமூர்த்தி! எந்திலே!”

நானா கத்துனேன்? என் தொண்டைதான். ஆனா பேச்சு எங்க மாமியாருது. அந்த வீட்டுல அவுகளை ஏலேன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டவ அவ ஒருத்திதான், மத்த எல்லாருக்கும் அண்ணாச்சி. கெழவி வாசல்ல நின்னு கத்துனா வயக்காடு தாண்டிக் கேக்கும். அந்தப் பேரை நான் கேட்டது அந்தக் குரல்லதான், அதனால வந்தப்ப அந்தக் குரலோடயே வந்துட்டு, ஏலேவும் சேத்து. இலை நுனியில இருந்த கொக்கெல்லாம் பறந்துட்டு. கம்பு ஊனுதவரு ஊனாம நிக்காரு. நான் பாக்கேன், அவுக வலது கால் பெருவிரலை என் கை பிடிச்சுக்கிட்டு இருக்கு, எப்பப் பிடிச்சேன், தெரியல. ஐஸ் மாதிரி இருக்கு. விடல. அப்பத் தார்ப்பாய் ஒரு குலுக்குக் குலுங்கி ஏறுச்சு. இருமல். ஒரு கண்ணு தெறந்துச்சு. எம்பக்கம் திரும்பல, திரும்புவாகளா, நேரா கஸ்பாரைத்தான் பாத்தாக. குரல் சன்னமாத்தான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. “தம்பி… எங்க ஆத்தா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அவ செத்து எவ்வளவோ காலமாச்சு. அப்ப நான் போய்ச் சேந்துட்டனா?” கஸ்பார் சேசுவேன்னு நெஞ்சுல கைய வச்சாரு. நான் விரலை விட்டுட்டு, முந்தானைய இழுத்துத் தலையில போட்டுக்கிட்டு, கஸ்பாரைப் பாத்துச் சொன்னேன், இன்னும் சேரலன்னு சொல்லுங்கண்ணே, ரோடு வரப் போகுது, உங்க பாட்டில்ல கலக்கி வச்சிருக்கிற சீனித் தண்ணியக் குடிக்கச் சொல்லுங்கன்னு. அவுக கஸ்பாருகிட்டயே கேக்காக, அப்ப ஆத்தா குரல்ல ஏலேன்னு சொன்னது யாருன்னு. காத்துன்னு சொல்லுங்கண்ணேன்னேன். “காத்துக்கு இம்புட்டுத் தொண்டையான்னு கேளுங்க தம்பி.” கஸ்பார் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்காரு, பாட்டிலைத் தெறந்து அவுக வாயில வைக்காரு. குடிக்காக. தாடையில வழியுது, ஆனா குடிக்காக, முழுங்குத சத்தம் கேக்கு, எனக்கு அது கோயில் மணி மாதிரி இருக்கு. தார்ப்பாய் இப்ப நல்லா ஏறி இறங்குது, இனி பாக்க வேண்டாம். தூரத்துல ரோடு தெரியுது, செவப்பு வெளக்குச் சுத்துது. மரத்துப் போன காலை மெதுவா நீட்டுதேன், இடிச்சா இடிச்சுட்டுப் போகட்டும். வாயப் பொத்தப் போன கைய மடியிலேயே வச்சுக்கிட்டு, தண்ணிப் பக்கம் திரும்பிச் சிரிக்கேன். கொஞ்சம் சத்தமாவே சிரிக்கேன். அவுகளுக்குக் கேக்கட்டும்.